ஆறாம் நாளே முளைத்த காட்டு மிளகாய்: விதை வாங்குவோர் கவனத்திற்கு

சமூக ஊடகப் பக்கம் ஒன்றின் வழியாக அரிய காட்டு மிளகாய் என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட மூன்று பொட்டலங்களிலும் இருந்தவை, நாற்றுக்கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அலங்கார மிளகாயின் விதைகளே. இதை உறுதிசெய்துகொள்ள எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. அதே விற்பனையாளருக்கோ அவரைப் போன்றவர்களுக்கோ பணம் அனுப்பும் எண்ணத்தில் இருப்பவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். அவித்த மரச்சீனிக் கிழங்குக்குக் காந்தாரி மிளகாயை உப்பும் உள்ளியும் சேர்த்து நசுக்கித் தொட்டுக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவன் என்பதால், சிறு மிளகாய்களின் மீது எனக்கு எப்போதுமே ஒரு பித்து உண்டு. நம் சம்பா மிளகாய்க்கும் குண்டு மிளகாய்க்கும் காட்டு மூதாதையாகிய சில்டெபின் மெக்சிகோவின் சொனோராவிலும் தெற்கு அரிசோனாவிலும் இன்றும் புதர்களுக்கிடையே தானாக வளர்கிறது என்றும், அதன் பழம் சுண்டைக்காயைவிடச் சிறியது என்றும் படித்த நாளிலிருந்து அதை ஒரு முறையாவது கடித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. விற்பனையாளரின் பட்டியலில் அதனுடன் பொலிவியாவின் காட்டு மிளகாயான உலுபிக்காவும் கலாபகோஸ் தீவுகளின் காட்டு மிளகாயும் இருந்தன. பத்து விதை 450 ரூபாய் வீதம் மூன்றுக்கும் 1,350 ரூபாய், அஞ்சல் செலவு 80 ரூபாய் என யூபிஐ வழியாக ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பினேன். ரசீது கேட்கவில்லை.

பட்டியலைப் பார்த்தபோதே ஒதுங்கியிருக்க வேண்டும். சில்டெபினின் காரம் 15 லட்சம் ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு) என்று அதில் போட்டிருந்தது. உண்மையில் அது பெரும்பாலும் 50,000 முதல் 1,00,000 வரை, அதாவது ஏறக்குறைய நம் காந்தாரியின் அளவில்தான் நிற்கும். பத்து லட்சத்தைத் தாண்டும் கரோலினா ரீப்பர் போன்றவை மனிதர்கள் இனக்கலப்பு செய்து உருவாக்கியவை. காட்டில் வளர்ந்தவை அல்ல. காடு என்றாலே கடுங்காரம் என்று நினைப்பவர்களைப் பிடிப்பதற்காகவே எழுதப்பட்ட எண் அது.

விதைத்த ஆறாம் நாள் மூன்று தட்டுகளிலும் சேர்த்து 26 முளைகள் ஒன்றாகத் தலைதூக்கின. நான் மகிழ்ந்துபோய் விற்பனையாளருக்கு நன்றி தெரிவித்துச் செய்தி அனுப்பினேன். உண்மையில் ஐயப்பட வேண்டிய முதல் இடம் அதுதான். காட்டு மிளகாயின் காரம் எலி போன்ற பாலூட்டிகளை விலக்கும். பறவைகளுக்கோ அந்த எரிச்சல் தெரியாது என்பதால் பழத்தை விழுங்கி விதையைச் சேதமின்றி எச்சமாக இட்டுச் செல்லும். மழையையும் வெயிலையும் பார்த்து வெவ்வேறு நாட்களில் விழித்துக்கொள்ளும் அந்த விதைகளுக்கு நாற்றங்கால் ஒழுங்கு கிடையாது. பிற்பாடு ஒரு நண்பர் தன் செடியிலிருந்து எடுத்துத் தந்த உண்மையான சில்டெபின் விதைகளை அதே மாடியில் போட்டேன். முதல் முளை 19ஆம் நாளிலும், கடைசி முளை 53ஆம் நாளிலும் வந்தன. விற்பனையாளர் கொடுத்ததோ 21 நாட்களுக்கான முளைப்பு உத்தரவாதம் மட்டுமே. அசல் விதையை விற்பவரால் அப்படி ஓர் உத்தரவாதத்தைத் துணிந்து தர முடியாது என்பது இப்போது விளங்குகிறது.

இரண்டாம் மாதத்தில் கலாபகோஸ் என்று எழுதியிருந்த தொட்டியில் இலைகள் வழுவழுப்பாகப் பளபளத்தன. அந்த இனத்தின் இலையும் தண்டும் மென்மயிர் அடர்ந்து, தொட்டால் துணியைத் தொடுவது போல இருக்கும். விற்பனையாளரிடம் கேட்டதற்கு, செடி முதிர்ந்த பிறகு மயிர் வரும் என்று பதில் வந்தது. நான்காம் மாதத்தில் உலுபிக்கா பூத்தது. மணி போலக் குவிந்து ஊதா படர்ந்திருக்க வேண்டிய பூ, தட்டையாக விரிந்த வெள்ளைப் பூவாக இருந்தது. உங்கள் ஊர் வெயிலில் நிறம் வெளுத்துவிட்டது என்றார். அதைவிட முக்கியமான ஒன்றை அப்போது நான் அறிந்திருக்கவில்லை: உலுபிக்கா தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். முளைத்தவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நான் பகிர்ந்து கொடுத்திருந்தேன்; அந்த ஒற்றைச் செடி பூத்த பூவெல்லாம் காய்த்துக் குலுங்கியது. ஒரு செடியே குடும்பத்துக்குப் போதும் என்ற அவரது விளம்பர வாக்கியம் அந்த வகையில் பொய்யாகவில்லை.

பழுத்ததும் எல்லாம் வெளிப்பட்டது. மூன்று தொட்டிகளிலும் ஒரே மாதிரி, விரல் நகத்தைவிடச் சற்று நீண்ட கூம்பு வடிவக் காய்கள் கொத்தாக வானத்தைப் பார்த்து நின்றன. காந்தாரி பறித்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: நன்கு பழுத்த பழத்தை இரண்டு விரலால் லேசாகத் தொட்டாலே போதும், காம்பையும் அதன் நுனியிலுள்ள பச்சைக் கிண்ணத்தையும் செடியிலேயே விட்டுவிட்டுப் பழம் மட்டும் கையில் விழும். பறவை எளிதாகக் கொத்திச் செல்வதற்காகக் காட்டு மிளகாய்களுக்கு அமைந்த குணம் அது. என் தொட்டியில் இருந்தவற்றை இழுத்தால் காம்போடு கிளை நுனியே முறிந்து வந்தது. கடித்துப் பார்த்தேன், மணமில்லை, தோல் தடிப்பாகச் சவசவத்தது, எரிச்சல் மெதுவாக வந்து தொண்டையில் தங்கிக் கிடந்தது. அம்மா ஒன்றை உடைத்து முகர்ந்துவிட்டு, “மக்களே, இது நாற்றுக்கடையில் இருபது ரூவாய்க்குக் கிடைக்கிற செடியாக்கும்” என்றார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, முளைப்புக்கு மட்டுமே தாம் பொறுப்பு என்றும், முளைத்ததற்கு நானே நன்றி சொல்லியிருக்கிறேன் என்றும் என் செய்தியையே எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டு என் எண்ணைத் தடுத்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசியபோது ரசீதைக் கேட்டார்கள், என்னிடம் இல்லை. பொலிவியாவிலிருந்து நேரடியாக வந்த விதை என்று அவர் சொல்லிக்கொண்டதும் இன்னொரு சிக்கல்: வெளிநாட்டு விதைகளைப் பயிர்நலச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. அந்தச் சான்றிதழின் நகலைக் கேட்டிருந்தால், பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

இத்தகைய விதைகளை வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள் பழத்தின் படத்தைப் பார்த்து மயங்காமல், தாய்ச்செடியின் இலைப்பரப்பும் பூவும் அருகில் தெரியும்படி, அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தைக் கேளுங்கள். வாடிக்கையாளர்கள் அனுப்பியவை என்று அவர் காட்டும் படங்களை நம்ப வேண்டாம். காய்த்த புதிதில் நான் அவருக்கு அனுப்பிய படமொன்று, ஓரத்தில் அம்மா துணி ஊறவைக்கும் நீலநிற வாளியுடன், இப்போது அவர் பக்கத்தில் அமேசான் காட்டு மிளகாய் என்ற பெயரில், பத்து விதை 600 ரூபாய் விலையில் நிற்கிறது.