டெக்ஸ்டர்: நியூ பிளட் கடைசி எபிசோடு – முடிவு சரி, வழக்குதான் நிற்கவில்லை

கதை முழுக்க உடைத்துப் பேசியிருக்கிறோம். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

மியாமி போலீஸில் ரத்தத் தடய நிபுணராக இருந்துகொண்டே கொலைகாரர்களைத் தேடிக் கொல்லும் ஒரு தொடர் கொலைகாரனின் கதைதான் டெக்ஸ்டர் என்ற அமெரிக்கத் தொடர். எட்டு சீசன் ஓடிய அது, 2013-இல் நாயகனை மரம் வெட்டுபவனாக்கி முடிந்தபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் 2021 நவம்பரில் பத்து எபிசோடுகளாக மறுபடி வந்தது. முதல் நான்கு சீசன்களை நடத்திய கிளைட் ஃபிலிப்ஸ்தான் இதற்கும் பொறுப்பு. 2022 ஜனவரி 9 அன்று வெளியான கடைசி எபிசோடில் மகன் ஹாரிசன், அப்பா கொடுத்த துப்பாக்கியாலேயே அவரைச் சுடுகிறான்.

இந்த முடிவில் குறை சொல்ல எதுவுமில்லை. கெட்டவர்களை மட்டுமே கொல்வதாகச் சொல்லிக்கொண்டிருந்த டெக்ஸ்டர், லாக்கப்பிலிருந்து தப்பிக்க லோகன் என்ற நல்ல போலீஸ்காரரின் கழுத்தை முறிக்கிறார். லோகன் ஹாரிசனுக்கு மல்யுத்தம் சொல்லிக்கொடுத்தவர். தான் போட்ட விதியைத் தானே மீறியபின் டெக்ஸ்டருக்குப் போக்கிடம் இல்லை.

சறுக்கல் அதற்கு முந்தைய துப்பறிதலில்தான். கழுத்தில் ஊசி போட்ட தடம், கேட்டமின் என்ற மயக்க மருந்து, இணையத்தில் ஒரு தேடல்; உடனே டெக்ஸ்டரைக் கைது செய்யும் போலீஸ் அதிகாரி ஏஞ்சலா, மியாமியின் பழைய தொடர் கொலைகாரன் 'பே ஹார்பர் புச்சர்' இவர்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார். ஆனால் பழைய தொடரில் டெக்ஸ்டர் பயன்படுத்தியது எம்99, அதாவது எட்டார்ஃபின் என்ற வேறொரு மயக்க மருந்து. 2023 பிப்ரவரியில் மக்னா யானையை (தந்தமில்லாத ஆண் யானை) மயக்க ஊசி போட்டுப் பிடித்ததைப் பார்த்த தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு பக்கத்து ஆட்களுக்கு அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. எட்டார்ஃபின் யானை, காண்டாமிருகம் அளவிலான விலங்குகளுக்கானது. கேட்டமினோ கால்நடை மருத்துவத்திலும் மனிதர்களின் அறுவை சிகிச்சையிலும் சாதாரணமாகப் புழங்குவது. மருந்தே மாறிவிட்டது, அப்படியே கேட்டமின் என்றாலும் அதை வைத்து இவர்தான் என்று ஒரு ஆளைச் சுட்டிக்காட்ட முடியாது. எட்டு சீசனையும் கரைத்துக் குடித்த ரசிகர்களுக்கு முதலில் உறுத்தியது இதுதான்.

டெக்ஸ்டர் கொன்று எரித்த மேட் கால்டுவெல்லின் சாம்பலில் கிடைத்த, அவன் உடலில் பொருத்தியிருந்த டைட்டானியம் திருகும் அப்படித்தான். அது மேட்டின் அப்பா கர்ட் ஏஞ்சலாவுக்கு அனுப்பிய பொருள். கர்ட்டே கொண்டுபோய் வைத்தது என்று டெக்ஸ்டர் வாதிட்டால் தருமபுரி கோர்ட்டில்கூட வழக்கு தடுமாறும். அப்படி விசாரணையில் நின்று வாதாடியிருக்கக்கூடிய மனிதரைக் கதை அவசரமாகக் கொலைக்குத் தள்ளுகிறது. மியாமியிலிருந்து கிளம்பும் பாட்டிஸ்டா, அதாவது டெக்ஸ்டரோடு வேலை பார்த்த பழைய போலீஸ் நண்பர், வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இன்னும் இரண்டு எபிசோடு கொடுத்திருந்தால் அந்தச் சந்திப்பும் கிடைத்திருக்கும், லோகனின் சாவுக்கும் கனம் கூடியிருக்கும்.

நேராகக் கடைசி எபிசோடைப் போட்டுவிடாதீர்கள். முதல் சீசன் முழுக்க, நான்காம் சீசனின் கடைசி எபிசோடு, பிறகு இந்தப் பத்து. குறைந்தபட்சம் இதுவாவது வேண்டும். அம்மாவின் ரத்தத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை ஹாரிசனைப் பார்க்காமல் அவன் கோபம் புரியாது. அதன்பின் 2025-இல் வந்த 'ரெசரக்‌ஷன்' இருக்கிறது. குண்டு பட்ட டெக்ஸ்டர் சாகவில்லை, கோமாவில் கிடந்தார் என்று அது தொடங்குகிறது. இந்த முடிவின் கனத்தை அது பாதியாகக் குறைத்துவிட்டது உண்மை. ஆனால் பாட்டிஸ்டா அங்கேதான் ஒருவழியாக டெக்ஸ்டர் எதிரே வந்து நிற்கிறார்.