கோவையில் ஆறு வாரத் தொழிற்சாலைத் திட்டப் பயிற்சி: சேர்ந்து படித்தவரின் மதிப்பீடு

கோயம்புத்தூரின் தொழிற்பேட்டை ஒன்றில், பம்பு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்று பொறியியல் மாணவர்களுக்கு நவீன உற்பத்தித் தொழில்நுட்பத்தில் ஆறு வாரத் திட்டப் பயிற்சி நடத்துகிறது. மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் தேர்வுகள் முடிந்த கையோடு, சென்ற மே மாதம் நானும் என் வகுப்பு நண்பர்கள் மூவரும் அதில் சேர்ந்தோம். கட்டணம் ஆளுக்கு 12,000 ரூபாய். மதியச் சாப்பாடு அதில் அடக்கம். தங்குமிடத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஆண்டு சேர நினைக்கும் இளைய மாணவர்களுக்காக, அங்கே கிடைத்ததையும் கிடைக்காததையும் எழுதுகிறேன்.

கல்லூரிப் பட்டறையில் நாங்கள் கடைந்தவை எல்லாம் மதிப்பெண் வாங்கியதும் பழைய இரும்புக் குவியலுக்குப் போகும் துண்டுகள். இங்கே எங்கள் குழுவிடம் கொடுக்கப்பட்டது, மோனோபிளாக் பம்பில் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் வார்ப்பிரும்பு பிராக்கெட். அதில் 6205 என்ற எண்ணுள்ள பேரிங் உட்காரும் துளையை 52 மி.மீ. எச் 7 என்ற துல்லிய வரம்புக்குள், அதாவது 52.000 முதல் 52.030 மி.மீ. வரைக்குள், கொண்டுவர வேண்டும். அந்த பிராக்கெட்டுகளைப் பொருத்திய பம்புகளில் சிலவற்றில் பேரிங் சத்தம் வருவதாக வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியிருந்தார். ஆனால் தொழிற்சாலையின் ஆய்வுத் தாளில் எல்லாத் துளைகளும் அளவுக்குள் இருந்தன. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் எங்கள் திட்டம்.

முதல் வாரம் முழுவதும் கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. லேத்தின் ப்ரோக்ராமையும், உலோகத்தை வெட்டும் முனையான இன்சர்ட்டின் தேய்மானத்தையும் சந்தேகித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பொறுப்பாக இருந்த மூத்த செட்டர் (எந்திரத்தை வேலைக்கு அமைத்துக் கொடுப்பவர்), முப்பது ஆண்டுகளாக லேத்தோடு வாழ்ந்தவர், எதையும் நேராகச் சொல்லித்தர மாட்டார். ஒரு நாள் மட்டும், "சக்குல இருக்கறப்ப ஒருக்கா அளங்க, கழட்டி வெச்சு ஒருக்கா அளங்க தம்பி" என்றார். சக் என்பது லேத்தில் வேலைப் பொருளை இறுக்கிப் பிடிக்கும் பாகம். துளையின் விட்டத்தை அளக்கும் போர் டயல் கேஜால் இரண்டு முறையும் அளந்தோம். எந்தத் திசையில் வைத்தாலும் ஏறத்தாழ 52.015 என்றே காட்டியது. பிறகு அவர் அளவு அறையிலிருந்து மூன்று புள்ளிகளில் தொடும் உள் மைக்ரோமீட்டரை எடுத்து வந்து கொடுத்தார். கழற்றி வைத்த பிராக்கெட்டில் அது ஓரிடத்தில் 51.999 காட்டியது, 60 பாகை திருப்பி வைத்தபோது 52.031 காட்டியது.

அந்தப் பிற்பகல் எனக்கு மறக்காது. சுவர் மெல்லிய பிராக்கெட்டை மூன்று தாடைச் சக் இறுக்கிப் பிடிக்கும்போது அது மூன்று இடங்களில் உள்ளே அமுங்குகிறது. அமுங்கிய நிலையிலேயே துளை வட்டமாகக் கடையப்படுகிறது. தாடையைத் தளர்த்தியதும் உலோகம் பழைய நிலைக்கு மீள, துளை மூன்று மடல் கொண்ட வடிவத்துக்கு மாறிவிடுகிறது. எதிரெதிரே இரண்டு புள்ளிகளில் மட்டும் தொடும் கேஜுக்கு இந்தக் கோணல் தெரியாது, ஏனெனில் ஒரு பக்கம் மேடாக இருந்தால் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் அதே அளவு பள்ளமாக இருக்கும். அளவியல் பாடத்தில் வட்டத்தன்மை என்ற சொல்லை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதன் பொருள் அன்றுதான் புரிந்தது.

தீர்வு எளிதாக வரவில்லை. சக்கின் அழுத்தத்தைக் குறைத்தால் முதல் வெட்டிலேயே பிராக்கெட் நழுவியது. சாஃப்ட் ஜா எனப்படும், கடைந்து வடிவம் மாற்றக்கூடிய மென் தாடையை பிராக்கெட்டின் வெளிவிட்டத்துக்கே கடைந்து பிடித்தபோது பாதிக் கோணல் குறைந்தது. கடைசியில், விட்டத்தைப் பிடிக்காமல் விளிம்புத் தட்டான ஃபிளாஞ்சின் முகத்தைத் துளையின் அச்சுத் திசையில் அழுத்திப் பிடிக்கும் ஃபிக்சர் (பிடிப்புச் சாதனம்) ஒன்றை நாங்களே வரைந்து, வி.எம்.சி. என்ற கணினிக் கட்டுப்பாட்டு வெட்டு எந்திரத்தில் எங்கள் கையாலேயே செய்தோம். மைக்ரோமீட்டரின் இரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலிருந்த 32 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வித்தியாசம் 6 மைக்ரானாகக் குறைந்தது. இந்த ஒரு வேலைக்காகவே கட்டணம் தகும் என்று உறுதியாகச் சொல்வேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். விளம்பரத் தாளில் இருந்த, ஐந்து அச்சுகளில் நகர்ந்து வெட்டும் எந்திரம் உண்மையாகவே அங்கே இருக்கிறது. ஆனால் அது வாடிக்கையாளர் வேலையில் ஓடிக்கொண்டே இருந்ததால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க மட்டுமே முடிந்தது. உலோக முப்பரிமாண அச்சு (3டி பிரிண்டிங்) என்று போட்டிருந்தார்கள். இருந்தது பிளாஸ்டிக் இழையில் அச்சிடும் எந்திரம் ஒன்றுதான். பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பேருக்கு, எந்திரத்துக்கான ப்ரோக்ராமை உருவாக்கும் கேம் (CAM) மென்பொருள் உள்ள கணினிகள் இரண்டே இருந்தன. பாதுகாப்புக் காலணி முதல் வாரம் தரப்படவில்லை. சூடான இரும்புச் சுருள் சிதறிக் கிடக்கும் தளத்தில் இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை. நான்காம் வாரத்தில் வார்ப்பாலையிலிருந்து வார்ப்புகள் வராததால் மூன்று நாள் வேலையின்றி உட்கார்ந்திருந்தோம்.

தொழிற்சாலையும் வகுப்பறையும் ஒன்றாக இருப்பது கோவைக்குப் புதிதல்ல. 1951 இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, மோட்டாரும் பம்பும் செய்யும் தன் சகோதர நிறுவனத்தின் வளாகத்திலேயே அமைந்தது; அங்குள்ள ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பில் மாணவர்கள் வகுப்புக்கும் தொழிற்கூடத்துக்கும் மாறி மாறிச் செல்கிறார்கள். அந்த வாய்ப்பு இல்லாத எங்களைப் போன்ற கல்லூரி மாணவர்களுக்கு ஆறு வாரம் குறைவுதான் என்றாலும், இது உண்மையான வேலை. வடிவமைப்பு மென்பொருள்தான் விருப்பம் என்பவர்கள், தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ, வடிவமைப்பு மென்பொருள் செய்யும் டசோ சிஸ்டம்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து சென்னையில் அமைத்த டான்கேம் மையத்தை விசாரிக்கலாம். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய, தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் திட்டத்தின் பாடங்களுக்குக் கட்டணமே இல்லை.

எந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தாலும் பணம் கட்டுமுன் நேரில் போய்ச் சிலவற்றைக் கேளுங்கள்: எங்கள் குழுவுக்கு எந்த உதிரிபாகம் தரப்படும், அதில் இப்போது என்ன சிக்கல் இருக்கிறது, ஒரு எந்திரத்துக்கு எத்தனை பேர், நாங்களே இயக்க எந்த எந்திரத்தை விடுவீர்கள், அளவு அறைக்குள் எங்களுக்கு அனுமதி உண்டா, வார்ப்புகள் வந்து இறங்கிவிட்டனவா.