காரைக்குடியில் ‘சேஃப்டி செட்’ வாங்கி ஏமாந்த கதை

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டில் மராமத்து வேலை எடுத்திருந்தேன். இரண்டாம் கட்டில் ஓடு மாற்ற வேண்டும், சுவரில் உதிர்ந்த காரையைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பூச வேண்டும். “ஆளுகளுக்குத் தலைக்குக் கண்ணுக்கெல்லாம் வாங்கிக் குடுத்துட்டுச் சாரத்துல ஏத்துங்க தம்பி” என்று வீட்டுக்கார ஆச்சி முதல் நாளே சொல்லிவிட்டார்.

காரைக்குடியில் ஒரு கடையில் ஹெல்மெட், கண்ணாடி, மாஸ்க், கையுறை, இடுப்பு பெல்ட் என்று ஒரே பையில் கொடுத்தார்கள். செட் 850 ரூபாய், ஆறு செட் 5,100. “எல்லாம் ஐ.எஸ்.ஐ. அண்ணே.” முத்திரை தெரிந்தது, நம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மேலிருந்து ஓர் ஓடு விழுந்து ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது. நல்ல வேளை, கொத்தனார் அதைக் கழற்றிப் பலகையில் வைத்திருந்தார். அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். முத்திரை வெறும் ஸ்டிக்கர். மேலே ஐ.எஸ். 4151 என்று இந்தியத் தர எண் இருந்தது. அது பைக் ஹெல்மெட்டுக்கான எண். வேலைத்தள ஹெல்மெட்டுக்கு 2925. கீழே இருக்க வேண்டிய சி.எம்./எல். உரிம எண்ணே இல்லை. அந்த எண் இருந்தால், முத்திரை கொடுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம்.

சுண்ணாம்பு விஷயம்தான் இன்னும் மோசம். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதித்துத் தெறித்ததில் சித்தாள் அக்காவின் கண்ணில் பட்டுவிட்டது. கண்ணாடிக்குப் பக்க மறைப்பு கிடையாது. குழாயடியில் உட்கார வைத்து நெடுநேரம் தண்ணீர் விட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், கண் தப்பியது. கண்ணைச் சுற்றி மூடும் காகிள்ஸ்தான் இந்த வேலைக்கு ஆகும். கையுறையோ பருத்தி. சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறித் தோலோடு ஒட்டிக்கொண்டு கை வெந்துவிட்டது. வெறும் கையே தேவலை! ரப்பர் கையுறை கேட்டு வாங்குங்கள்.

மாஸ்க்கை வெட்டிப் பார்த்தால் ஒற்றைத் துணி. வால்வு சும்மா ஒட்டியது. காரை கொத்தும்போதும் கல் அறுக்கும்போதும் கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் வரும் சிலிக்கோசிஸுக்குக் குணம் கிடையாது. ஐ.எஸ். 9473 போட்ட, நுண்ணிய தூசியை வடிகட்டும் எஃப்.எஃப்.பி.2 வகை மாஸ்க் வேண்டும். இடுப்பு பெல்ட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். உயரத்துக்கு உடம்பு முழுக்கப் பிடிக்கும் ஹார்னஸ்தான்.

திருப்பிக் கொடுக்கப் போனால், “பில் போடலையே அண்ணே” என்றார். கையில் இருந்தது ‘சாமான் 6’ என்று எழுதிய துண்டுச் சீட்டு.

மிச்சம் ஐந்து செட் என் வண்டியில்தான் கிடக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், காட்டுகிறேன். போட்டுக்கொள்ளத் தரமாட்டேன்.