அம்மாவுக்கு எழுபது: தெப்பக்குளக் கரையில் ஒரு பிறந்தநாள் இரவு

அம்மாவின் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் 1. பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் போட்டுக்கொடுத்தது. உண்மையில் பிறந்தது தை மாதம், பூச நட்சத்திரம். இருபது வருடமாக நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் டேங்க் ரோடு கோயிலில் காவடி பார்த்துவிட்டு அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்து வாழ்த்துவேன்.

திருக்கடையூரில் அறுபது, எழுபது, எண்பது என்று தம்பதிகளுக்குச் சாந்தி செய்கிறார்கள். அப்பா போனபிறகு தனியாக இருக்கும் அம்மாவுக்கு எழுபது நிறைந்தால் யாரும் எதுவும் செய்வதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. லீவு போட்டு மதுரைக்கு வந்தேன். பூசத்தன்று ஒரு இரவு முழுக்க அம்மாவுக்கு என்று முடிவு செய்தேன்.

திட்டம் இதுதான்: மாலையில் மீனாட்சி அம்மன் கோயில், பிறகு மாடியில் கோபுரம் தெரியும் ஒரு ஓட்டலில் சாப்பாடு. பக்கத்து வீட்டு அத்தைதான் முதல் நாள் காலையில் சொன்னார்கள். "பூசத்தன்று தெப்பம்மா. மீனாட்சியும் சொக்கரும் விடியக்காலையிலேயே தெப்பக்குளத்துக்குக் கிளம்பிடுவாங்க. நடை சாத்தியிருக்கும்." சிங்கப்பூரில் உட்கார்ந்து திட்டம் போட்டபோது எனக்கு இது உறைக்கவே இல்லை. நல்ல நாளில் ஊருக்கு வருகிறவர்கள் கோயில் நாட்காட்டியை ஒருமுறை கேட்டுவிட்டு மற்றதை புக் செய்யுங்கள்.

அதனால் கோயிலுக்கு முதல் நாள் மாலையே போனோம். சித்திரை வீதிகளுக்குள் வண்டி விடமாட்டார்கள். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு அங்கே ஓடும் பேட்டரி காரும், வாசலில் கேட்டு வாங்கிய சக்கர நாற்காலியும் பெரிய உதவி. 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. கவுண்டரில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். போன் இல்லாததால் அம்மாவோடு பேசிக்கொண்டே நடந்தேன். தெப்பக்குளம் தோண்டியபோது கிடைத்ததாகச் சொல்லப்படும் முக்குறுணி விநாயகரின் முன்னால் அம்மா வெகுநேரம் இருந்தார்கள்.

மறுநாள், பூசத்தன்று, ஓட்டல் விஷயம் சுருக்கமாக. போனில் இரண்டு முறை கேட்டேன், மாடி வரைக்கும் லிஃப்ட் உண்டா என்று. "உண்டு மேடம்" என்றார்கள். போய்ப் பார்த்தால் லிஃப்ட் ஒரு தளம் முன்பே நின்றுவிடுகிறது, மிச்சத்துக்குப் படி. வயதான ஒருவருக்காகக் கேட்கும் கேள்விக்கு அப்படிப் பதில் சொல்லவே கூடாது. கீழே ஏசி அறையில் மேசை போட்டார்கள், ஆனால் மாடிக்கான பேக்கேஜ் விலையைக் குறைக்கவில்லை. பில்லில் ஜிஎஸ்டியோடு பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜும் இருந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்கள். தெரிந்து கேட்டால் எடுக்கிறார்கள். கேட்காதவர்கள் கட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு வருத்தமே அதுதான்.

சாப்பாட்டில் தப்பு என்னுடையது. பஃபேயில் பாதி அசைவம். "பூசமும் அதுவுமா கவிச்சி பக்கத்தில் உட்கார வச்சிட்டியே" என்றார்கள் அம்மா. கேக்கிலும் முட்டை. தயிர்சாதம் மட்டும் இரண்டு வாய் சாப்பிட்டார்கள். அப்புறம் அவர்களே கேட்டார்கள்: "தெப்பம் பார்க்கப் போவோமா?"

டிரைவர் தம்பிக்கு ஊர் அத்துப்படி. காமராசர் சாலையில் வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள் என்று சொல்லி, சந்து சந்தாகப் போய் முடிந்தவரை குளத்துக்குப் பக்கத்தில் இறக்கினார். அதோடு விடவில்லை. தெரிந்த கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, கூட்டத்துக்குள் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து கரை ஓரமாகப் போட்டார். "அம்மா, இங்கேயிருந்து நல்லாத் தெரியும், உட்காருங்க." எந்தப் பேக்கேஜிலும் இல்லாத சேவை அது.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டியது. ஏறக்குறைய ஆயிரம் அடிக்கு ஆயிரம் அடி, நடுவில் மண்டபம். வைகைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து சேர்கிறது. என் சின்ன வயதில் இது காய்ந்து கிடந்தது, பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது தளும்புகிறது. மண்டபத்து விளக்கெல்லாம் தண்ணீரில் இன்னொரு தடவை எரிந்தது. கரையில் நிற்பவர்கள் வடம் பிடித்து இழுக்க, அலங்காரத் தெப்பத்தில் அம்மனும் சுவாமியும் மெதுவாக எங்கள் பக்கம் வந்தார்கள். வாணவேடிக்கை வெடித்தபோது அம்மா குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நாயக்கரும் பூசத்தில்தான் பிறந்தாராம், அவர் பிறந்தநாளுக்குத்தான் இந்தத் தெப்பமாம்," என்றேன். ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். "அப்போ எனக்கும் சேர்த்துத்தான்" என்றார்கள் அம்மா.

தைப் பனியில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும். இருந்தும் பூக்கார அக்காவிடம் இரண்டு முழம் வாங்கினேன். அவரிடமும் க்யூஆர் அட்டை இருந்தது. 2023 ஜனவரியில் சிங்கப்பூர் உட்படப் பத்து நாட்டு செல்போன் எண்களை என்ஆர்இ கணக்கோடு (வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான வங்கிக் கணக்கு) யுபிஐயில் இணைக்க வழிசெய்தார்கள். வருவதற்கு முன்பே இணைத்துவைத்தால் ஓடிபிக்காக அலைய வேண்டாம். அப்பா போனதிலிருந்து அம்மா பூ வைப்பதில்லை. என் தலையில் வைத்துவிட்டு, ஒரு துண்டு மட்டும் கிள்ளித் தன் மணிபர்சுக்குள் போட்டுக்கொண்டார்கள்.

மணி பதினொன்றைத் தாண்டியும் இட்லிக் கடைகளில் ஆவி பறந்தது. வாழை இலையில் நாலு இட்லி, நாலு விதச் சட்னி. அம்மா வயிறாரச் சாப்பிட்டது இங்கேதான். டிரைவர் தம்பியையும் கூடவே உட்கார வைத்தார்கள். நான் போனை எடுத்து க்யூஆர் அட்டையைத் தேட, கையைத் தட்டிவிட்டார்கள். "பிறந்தநாள் எனக்குத்தானே, நான்தான் கொடுப்பேன்." பர்சைத் திறந்து உருவிய நோட்டுகளோடு இரண்டு மல்லிகை மொட்டும் கல்லா மேசையில் விழுந்தன.