கிளை நூலகத்தில் புது அடுக்கு: தேடாமலே கிடைக்கிறது

சேலம் நகருக்குள் இருக்கும் இந்தக் கிளை நூலகத்தில் அடுக்கும் முறையை மாற்றியிருக்கிறார்கள். அருமையான மாற்றம். முன்பு தமிழ் நாவல்கள் எல்லாம் 894.8113 என்ற ஒரே டூயி எண்ணில் (புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் நூலக எண்) குவிந்து கிடந்தன. எண் சரிதான், அதை வைத்து ஒரு புத்தகத்தைத் தேட முடியாது. இப்போது எண்ணுக்குக் கீழே ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்துகள், அதுவும் இனிஷியலை விட்டுவிட்டு. சரித்திரம், துப்பறியும் கதை, குடும்பக் கதை எனத் தனி அலமாரி. புத்தக முதுகில் வண்ணப் பட்டை. தட்டில் கால் பங்கு காலியாக விட்டு, அங்கே இரண்டு மூன்று புத்தகங்களை அட்டை தெரிய நிறுத்தியிருக்கிறார்கள். நெருக்கி அடைத்தால் உருவும்போது முதுகு கிழியும், திரும்பி வரும் புத்தகத்துக்கும் இடமிருக்காது.

குறையும் உண்டு. மாமரம் வளர்ப்பு 634இல், மாங்காய் ஊறுகாய் 641இல். இரண்டு அலமாரிக்கும் நடுவே ஒரு வழிகாட்டி அட்டைகூட இல்லை. 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே விதி வகுத்தார். செல்லோடேப்பில் ஒட்டிய லேபிள்கள் வெயில் படும் ஜன்னலோரத்தில் மஞ்சளாகி உரிகின்றன. அந்த வரிசைக்காவது பசை தடவிய காகித லேபிள் ஒட்ட வேண்டும்.