நீர்மின் மாதிரி கிட்: சக்கரம் அருமை, சார்ட் சரியில்லை

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டாம் வகுப்புக்காக இந்தக் கிட்டைத் தருமபுரியில் 640 ரூபாய்க்கு வாங்கினேன். ஓரமெல்லாம் குட்டிக் கிண்ணங்கள் வைத்த பிளாஸ்டிக் சக்கரம், சின்ன டைனமோ, சிவப்பு எல்.இ.டி., ஒரு மீட்டர் டியூப், கூடவே உலக நாடுகளின் நீர்மின் உற்பத்தியைக் காட்டும் சுவர் சார்ட்.

சக்கரம் அருமை. தண்ணீர் கேனை மேசைமேல் வைத்தால் விளக்கு மங்கலாக எரிகிறது. ஹார்டுவேர் கடையில் நீள டியூப் வாங்கி, மாடி வராண்டா கம்பியில் கேனைக் கட்டினோம். பளீரென்று எரிந்தது! நார்வேயில் நடப்பதும் இதுதான். அங்கே ஏரிகள் மலைமேல் இருக்கின்றன, தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கடல்மட்டம் வரை இறக்குகிறார்கள். நெதர்லாந்துக்கு ரைன் நதியே வருகிறது, ஆனால் விழ உயரம் இல்லை. இதைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் புரிந்துகொண்டார்கள். டியூப் இணைப்பில் கொஞ்சம் ஒழுகும், டெஃப்லான் டேப் சுற்றினால் சரி.

சார்ட்தான் எனக்கு வருத்தம். மொத்த உற்பத்தியை மட்டும் வரிசைப்படுத்தி, சீனாவை முதலிடத்தில் போட்டு நிறுத்திவிட்டார்கள். 22,500 மெகாவாட் த்ரீ கோர்ஜஸ் அணை இருக்கும் நாடு, முதலிடம் நியாயம்தான். ஆனால் சீனாவின் மொத்த மின்சாரத்தில் தண்ணீரின் பங்கு ஏழில் ஒன்று அளவே. நார்வே சீனாவில் பத்தில் ஒரு பங்குதான் உற்பத்தி செய்கிறது, ஆனால் அந்த நாட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் அதுதான். பராகுவே அந்தப் பட்டியலிலேயே இல்லை! பிரேசிலோடு சேர்ந்து கட்டிய 14,000 மெகாவாட் இதாய்ப்பு அணையில் பாதிப் பங்கு வைத்துக்கொண்டு, தன் தேவை போக மிச்சத்தை பிரேசிலுக்கே விற்கிற நாடு அது.

பங்கு தெரியாவிட்டால், மழை பொய்த்தால் யாருக்கு அடி என்பதும் தெரியாது. 2001 வறட்சியில் பிரேசில் மின்சாரத்துக்கு ரேஷன் போட்டது. “டீச்சர், மேட்டூர்ல தண்ணி இல்லன்னா நமக்கும் கரண்ட் போயிடுமா?” என்று ஒரு பெண் கேட்டாள். அணையை ஒட்டியே 1,440 மெகாவாட் அனல் மின் நிலையம் நிற்பதைச் சொன்னேன். இந்தக் கேள்விக்குச் சார்ட்டில் ஒரு வரி இல்லை.

ஆறாம் வகுப்புக்கு மேல் கிட்டைத் தயங்காமல் வாங்கலாம். சார்ட்டைத் தனியாகவும் 60 ரூபாய்க்கு விற்கிறார்கள், அது வேண்டாம்.