சி.ஓ. எண்: ஆசிரியர் பார்ப்பதும் மாணவர் பார்ப்பதும்

இன்று பொறியியல் கல்லூரி வினாத்தாளில் கேள்விக்கு அருகே மதிப்பெண்ணோடு 'சி.ஓ.3', 'கே4' என்ற குறிகளும் அச்சாகின்றன. விளைவு சார்ந்த கல்வியின் முத்திரை அது. 'சி.ஓ.' என்பது அந்தப் பாடத்தில் மாணவர் செய்யக் கற்க வேண்டிய பாட விளைவு (கோர்ஸ் அவுட்கம்); 'கே' என்பது கேள்வி கோரும் சிந்தனையின் நிலை, 'கே4' என்றால் பகுத்தாய்வது. பொறியியல் பட்டப்படிப்புகளை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று சமமாக ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இந்தியா நிரந்தர உறுப்பினரானது. என்.பி.ஏ. எனும் தேசிய அங்கீகார வாரியத்திடம் அங்கீகாரம் கேட்கும் கல்லூரி, மாணவர் எதைச் செய்யக் கற்றார் என்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

அந்தக் கணக்கை எழுதுபவர் ஆசிரியர். பாட விளைவுகளை, 12ஆக இருந்து அண்மையில் 11ஆகிவிட்ட பட்டப்படிப்பு விளைவுகளோடு, தொடர்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு 1, 2, 3 என்று எண் போட்டு இணைக்க வேண்டும். தேர்வுக்குப் பின் மாணவர்கள் அந்த விளைவுகளை எட்டிய அளவை எக்செல்லில் கணக்கிட வேண்டும். இலக்கு தவறினால் காரணம் எழுத வேண்டும். இணைப்புக் கல்லூரியில் செமஸ்டர் வினாத்தாளைப் பல்கலைக்கழகம் தயாரிக்கிறது. கணக்கு மட்டும் இவருடையது. போதாக்குறைக்கு, அந்த உடன்படிக்கையின் பலன், தன்னாட்சிக் கல்லூரிகள் போலத் தாமே பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்தும் இடங்களின் 'டயர் 1' படிப்புகளுக்கே உண்டு. இணைப்புக் கல்லூரிகள் 'டயர் 2'. அங்குள்ள ஆசிரியர்களின் சலிப்பில் நியாயம் இருக்கிறது.

மாணவருக்கு இந்தச் சுமை எதுவும் இல்லை, அக்கறையும் இல்லை. செமஸ்டர் முடிவில் தரும் கருத்துப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண்ணை நிரப்பிவிட்டு எழுந்துவிடுகிறார். அவர் கேட்பதெல்லாம் 'எந்த யூனிட்?' என்பதுதான். பல பாடத்திட்டங்களில் ஐந்து யூனிட்டுக்கு ஐந்து சி.ஓ. என்றே எழுதியிருப்பதால், அந்தக் கேள்வி சரியானதும்கூட. பழைய யூனிட்டுக்குப் புதுப்பெயர் சூட்டியிருக்கிறோம் என்பதை மாணவர் நமக்கு முன்பே கண்டுகொண்டார்.

உண்மையான மோதல் 'கே4' கேள்வியில் வருகிறது. பகுத்தாய்ந்து எழுதச் சொன்னால், 'சிலபஸில் இல்லாத கேள்வி' என்கிறார் மாணவர். இங்கே நான் ஆசிரியர் பக்கம். மனப்பாடத்துக்கு வெளியே ஒரு கேள்வியாவது கேட்கும் துணிவை இந்த முறை அவருக்குத் தந்திருக்கிறது. ஆனால் வகுப்பில் குறிப்புகளைப் படித்துக் காட்டிவிட்டுத் தேர்வில் மட்டும் பகுத்தாயச் சொல்வது அடாவடி.

புராஜெக்டில் இருவருக்கும் பெரிதாகப் பிணக்கில்லை. எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முதல் ரிவ்யூவுக்கு முன்பே சொல்லிவிட்டால், மாணவரும் அதற்கேற்ப உழைக்கிறார்.

மற்ற பாடங்களிலும் இது முடியும். இன்டர்னல் தேர்வில் ஒவ்வொரு மாணவரும் எந்த சி.ஓ.வில் எத்தனை வாங்கினார் என்பது எக்செல்லில் ஏற்கெனவே இருக்கிறது. அது வகுப்பின் மொத்தக் கணக்காகக் கோப்புக்குப் போகிறது. விடைத்தாளைத் திருப்பித் தரும் நாளில் அவரவர் வரியை அவரவருக்குக் காட்டத் தனியாக எந்தப் படிவமும் தேவையில்லை.